ஈக்காரியும் வாசமருந்தும்

"ஈயை இழுக்கிற மருந்தைத் தோட்டத்துக்குள்ளேயே கட்டித் தொங்கவிட்டால், வராத ஈயையும் ஆளனுப்பிக் கூப்பிட்ட மாதிரி ஆகாதா?"

ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. தலையை ஆட்டி மழுப்பிவிட்டேன். ஈக்காரிக்கு என்ன நடந்தது என்பது முழுதாகத் தெரிந்த பிறகுதான் பதிலும் தெரிந்தது.

ஈக்காரி என்பது அவளுடைய நாத்தனார் வைத்த பட்டப்பெயர். இருவருக்கும் ஒரே கொய்யாத் தோட்டத்தில் வேலை. நாத்தனார் தகரக் கூரை போட்ட பேக்கிங் கொட்டகையில் நின்று பழத்தைத் தரம் பிரிப்பாள். ஈக்காரி தோட்டத்தின் வேலி ஓரமாகப் பொறி கட்டுவாள். பொறி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. பக்கவாட்டில் ஈ நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். உள்ளே கம்பியில் தொங்கும் ஒரு சின்ன மரக்கட்டை. அந்தக் கட்டையில் வாசமருந்தும் கொஞ்சம் விஷமும் ஊறியிருக்கும்.

வாசமருந்து, கிராம்பை நசுக்கினாற்போல மணக்கும். பழ ஈக்களில் ஆண் ஈக்கு அந்த மணம் என்றால் உயிர். எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்து, கட்டையை நக்கி, டப்பாவுக்குள்ளேயே செத்து விழும். பெண் ஈ திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் பழத்தைக் குத்தி முட்டை வைப்பது பெண் ஈதான். அப்புறம் என்ன லாபம் என்று கேட்கலாம். சேர்வதற்கு ஆண் ஈ இல்லையென்றால் பெண் ஈ வைக்கிற முட்டை பொரிக்காது. முட்டை பொரிக்கவில்லை என்றால் பழத்தில் புழு இல்லை. ஈக்காரி நம்பியது இதைத்தான்.

அந்த மணம் அவள் விரலிடுக்கிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போவதில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தால் எங்கிருந்தோ ஓர் ஈ வந்து அவள் மணிக்கட்டில் அமரும்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. உங்களைப் பார்க்க வர்ற மாப்பிள்ளைங்க என் தட்டுல விழறாங்க" என்பாள் நாத்தனார்.

"விழுந்தா விழட்டுமே. உனக்குன்னு ஒருத்தனாவது வந்தானேன்னு சந்தோஷப்படு."

"வந்தவனும் செத்துல்ல போறான்!"

இப்படிச் சிரித்துப் பேசினாலும் ஈக்காரியின் மனதில் ஒரு பயம் இருந்தது. அது அவளுடைய கணவரைப் பற்றியது.

அவரைத் தோட்டத்தில் எல்லோரும் பம்புக்காரர் என்று கூப்பிட்டார்கள். மருந்தடிக்கிற பம்பை முதுகில் மாட்டி மாட்டி, அவர் இரண்டு தோளிலும் பட்டை பதிந்த தடம் கறுத்துப் போயிருந்தது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இலை அசைவதைப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரையே போன காய்ப்பில் காற்று ஏமாற்றிவிட்டது. மருந்தடித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று திரும்பி, மொத்தப் புகையையும் அவர் முகத்திலேயே கொட்டியது. இரண்டு மரங்களுக்கு நடுவே வாயில் நுரை தள்ளிக் கிடந்தவரை, பழம் இழுக்கிற தள்ளுவண்டியில் போட்டு ஈக்காரியும் நாத்தனாரும்தான் ரோட்டுக்கு இழுத்து வந்தார்கள். உயிர் பிழைத்தார். கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் ஈக்காரியைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை இந்த மருந்து இவர் உடம்புக்குள்ள போச்சுன்னா, என்கிட்ட கூட்டிட்டு வர வேண்டிய வேலையே உங்களுக்கு இருக்காதும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் சரியாகத் தூங்கியதில்லை.

சிக்கல் வீட்டில் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை, வெளியே ஒரு குழாய். அது மருந்தடிக்கிறவருக்கு என்று முதலாளி ஒதுக்கிய வீடு. பம்பைக் கீழே வைத்தால் வீட்டையும் விட வேண்டும். பம்புக்காரரோ பிடிவாதக்காரர்.

"நானே அடிச்சுடறேன். வாயைக் கட்டிக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்றார்.

"போன தடவையும் வாயைக் கட்டிக்கிட்டுத்தான் விழுந்தீங்க."

"அது காத்து பண்ணின வேலை."

"இந்தத் தடவை காத்து உங்ககிட்ட சொல்லிட்டு வருமா?"

அவர் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கிய பம்பைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவளை முதலாளியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. விவசாய அலுவலகத்துக்காரர்கள் செய்து காட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பொறியைக் கையோடு எடுத்துப் போனாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. பயந்தவர். பழத்தில் புழு இருக்கிறது என்று பழம் வாங்குகிற கம்பெனி ஏற்கெனவே அவருக்கு லோடைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதற்குப் பயந்து மருந்தைக் கூட்டி அடித்தால், பழத்தில் மருந்து தங்கியிருக்கிறது என்று அதற்கும் திருப்பினார்கள். இந்தப் பக்கம் போனால் இடி, அந்தப் பக்கம் போனால் உதை என்று நின்ற மனிதர், டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இழுக்கிற மருந்தைத் தோட்டத்துல தொங்கவிட்டா, வராத ஈயையும் ஆளனுப்பிக் கூப்பிட்ட மாதிரி ஆகாதா?"

"வேலி ஓரமாக் கட்டறேங்க ஐயா. வெளியிலிருந்து வர்றது அங்கேயே நின்னுடும்."

"நிக்காம உள்ள வந்துட்டா?"

அவள் நின்ற இடத்திலேயே கால்விரலால் தரையைக் கீறினாள். முதலாளி பெருமூச்சு விட்டார்.

"சரி, இந்த ஒரு காய்ப்பு உன் இஷ்டம். ஆனா ஒண்ணு. கம்பெனிக்காரங்க அறுத்துப் பார்க்கறப்ப ஒரே ஒரு புழு கண்ணுல பட்டாலும் மறுநாளே பம்பு கிளம்பிடும். உன் வீட்டுக்காரர் தூக்கினாலும் சரி, வேற ஆள் தூக்கினாலும் சரி. தூக்கறவருக்குத்தான் அந்த வீடு."

வேறு ஆள் தூக்க மாட்டான் என்று இரண்டு பேருக்குமே தெரியும். வீட்டை விட்டுப் போவதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைக்கிற மனிதர் அவள் கணவர்.

அன்றிலிருந்து அவள் ஓட்டமாக ஓடினாள். பொறிகளைச் சுற்றி வருவாள். செத்த ஈக்களைக் கொட்டி, கட்டை காய்ந்திருந்தால் மாற்றுவாள். இதைவிட முக்கியமான இன்னொரு வேலை இருந்தது. உதிர்ந்த பழம் ஒன்றுகூட மரத்தடியில் கிடக்கக் கூடாது. கீழே கிடக்கிற பழம்தான் ஈக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அதைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி வெயிலில் வைப்பாள். உள்ளே இருக்கிற புழுவெல்லாம் வெந்து போகும். முதுகு ஒடிகிற வேலை. குனியும்போதெல்லாம் அந்த இரண்டு மரங்களுக்கு நடுவே கிடந்த உருவம் கண்ணுக்குள் வரும். நிமிராமல் அடுத்த மரத்துக்குப் போவாள்.

பம்புக்காரர் கொட்டகையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கூடை துடைத்தார். பழம் அடுக்கிற பிளாஸ்டிக் கூடைகளை ஈரத்துணியால் துடைத்துக் கவிழ்க்கிற வேலை. மரத்துக்கு மரம் நடந்த மனிதருக்கு அது பெரிய தண்டனை. ஆனால் ஒரு விஷயத்தில் ஆள் மாறிவிட்டார். முன்பெல்லாம் சாப்பாட்டில் நூறு குறை சொல்வார். நோய்க்குப் பிறகு வாயே திறப்பதில்லை.

"அண்ணன் திருந்திட்டாரு அண்ணி. நேத்து நான் கருக விட்டதைக்கூட நல்லா இருக்குன்னு சாப்பிட்டாரு" என்றாள் நாத்தனார்.

"அடி வாங்கின உடம்பு. அடங்கிப் போச்சு" என்றாள் ஈக்காரி. அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

லோடு ஏற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வேலிப் பக்கம் பழம் பொறுக்கிவிட்டு அவள் திரும்பியபோது, கொட்டகை மேசை மேல் மரக்கட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன.

"மிச்சக் கட்டையை நானே வாசமருந்துல ஊற வெச்சுட்டேன். விஷம் மட்டும் நீ கலந்துக்க. நான் அதைத் தொடலை" என்றார் அவர், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவர் மாதிரி. "கூடையும் எல்லாம் துடைச்சாச்சு."

"பரவாயில்லையே" என்றாள். அவர் முகம் மலர்ந்து அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் வேறெதையும் கவனிக்கவில்லை. கட்டைகளில் விஷம் கலந்து, அப்போதே வேலிக்குக் கொண்டுபோய்ப் பொறிகளில் மாட்டிவிட்டு வந்தாள். நாத்தனார் அந்தக் கூடைகளில் பழத்தை அடுக்கி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஈக்கள் அடங்குகிற நேரம்.

மறுநாள் வெயில் ஏறியதும் அவை வந்தன.

முதலில் நாத்தனார்தான் பார்த்தாள். "அண்ணி!" என்று அவள் போட்ட சத்தத்தில், குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஈக்காரி அப்படியே ஓடிவந்தாள்.

அடுக்கி வைத்த கூடைகளின் விளிம்பெல்லாம் ஈ. பழுப்பும் மஞ்சளுமாக, கண்ணாடி இறக்கையை விரித்துக்கொண்டு, கொட்டகையைச் சொந்த வீடு போல எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கையை வீசினால் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. தகரக் கூரைக்குக் கீழே ரீங்காரம் நிறைந்திருந்தது.

ஈக்காரி ஒரு பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பழத்துக்குள்ளிருந்தா? இத்தனையுமா?

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். கூடைகளைப் பார்த்தார். பிறகு வெடித்தார்.

"சொன்னேனா இல்லையா? ஆளனுப்பிக் கூப்பிட்டே, குடும்பத்தோட வந்து உட்கார்ந்திருக்கு பார்! கம்பெனிச் சோதனைக்கார அம்மா கிளம்பிட்டாங்கன்னு இப்பத்தான் போன் வந்துச்சு. இதைப் பார்த்தா ஒரு பழத்தையாவது அறுப்பாங்களா? வண்டியை விட்டே இறங்க மாட்டாங்க!"

"ஐயா, கொஞ்சம் இருங்க..."

"எதுக்கு இருக்கணும்? பம்பை எடுக்கச் சொல்லு. ஒரே ஒரு புகை. ஈயெல்லாம் விழட்டும். காத்தாடியைப் போட்டா வாசம் போயிடும்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே பின்னால் ஆணி சத்தம் கேட்டது. ஈக்காரி திரும்பினாள். பம்புக்காரர் சுவரிலிருந்து பம்பை இறக்கிவிட்டார். தோளில் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கியதில் கொக்கி மாட்டவில்லை. மறுபடி முயன்றார். மாட்டியது.

"கழட்டுங்க" என்றாள்.

"ஒரு நிமிஷ வேலை. நீ வெளிய போ."

"நாலு பக்கமும் தகரம். காத்துகூடப் போக வழியில்லை. இதுக்குள்ள நின்னு அடிக்கப் போறீங்களா?"

"அடிக்கலைன்னா நாளையிலிருந்து தோட்டம் பூரா அடிக்கணும். அதுக்கு இது மேல்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. ஓடிப்போய் மருந்து டின் இருந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டாள். "என்னைத் தள்ளிட்டு எடுங்க."

"அண்ணி, அண்ணன்கிட்ட அப்புறம் சண்டை போடலாம்" என்றாள் நாத்தனார், மூக்கைச் சுருக்கிக்கொண்டு. "மொதல்ல நீங்க தள்ளிப் போங்க. உங்க வாசம் இன்னிக்குத் தூக்குது. ஈ பாதி உங்களுக்காகத்தான் வந்திருக்கும்."

ஈக்காரி சட்டென்று அவளைப் பார்த்தாள்.

"நான் இன்னிக்கு இன்னும் மருந்தையே தொடலையே."

"பின்ன எங்கிருந்து அடிக்குது?"

ஈக்காரி தன் மூக்கை நம்பவில்லை. அது அந்த மணத்துக்குப் பழகி மரத்துப்போன மூக்கு. நாத்தனாரின் தோளைப் பிடித்துக் கூடைகளின் பக்கம் தள்ளினாள். "மோந்து பாரு."

"என்னை என்னன்னு நினைச்சீங்க?"

"பாருடி!"

நாத்தனார் குனிந்தாள். ஒரு கூடையின் விளிம்பில் மூக்கை வைத்தாள். "இதுல இருக்கு." அடுத்தது. "இதுலயும்." கொஞ்சம் தள்ளி இருந்த அடுக்கில், "இதுல இல்லை" என்றாள். ஈ மொய்த்த கூடைகளில்தான் மணம் இருந்தது. மணம் இல்லாத கூடைகளில் ஓர் ஈயும் இல்லை. கோளாறு பழத்தில் இல்லை, கூடையில்தான் இருந்தது.

மேசைக்கடியில் நேற்றுக் கூடை துடைத்த வாளி, அதே தண்ணீரோடு இருந்தது. அதன் விளிம்பில் துணி காய்ந்துகொண்டிருந்தது. துணியின் நிறமே தெரியவில்லை. அத்தனை ஈ.

ஈக்காரி மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள். பம்பின் கனத்தில் லேசாகக் கூனியபடி நின்றார்.

"நேத்து வாசமருந்து கொட்டிச்சா?"

"கை நடுங்கிச்சு. கொஞ்சம் மேசையில சிந்திச்சு. அப்பவே துடைச்சுட்டேன்."

"எந்தத் துணியால?"

அவர் வாளியைப் பார்த்தார்.

"அதே துணியை அலசிக் கூடையைத் துடைச்சீங்களா? இவ்வளவு வாசம் அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?"

"எந்த வாசம்?" என்றார் பம்புக்காரர்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கருகினதை நல்லா இருக்கு என்று சாப்பிட்ட மனிதர்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுலேர்ந்து. ஒரு வாசமும் தெரியறதில்லை. சொன்னா நீ பயப்படுவேன்னு..." அவர் முடிக்கவில்லை. "இன்னிக்கு அது உன் வேலையைக் கெடுத்துடுச்சு."

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு, நடுங்குகிற விரல்கள், அந்தத் தோள்பட்டை.

அழ நேரமில்லை. ஈக்காரி தள்ளுவண்டியை இழுத்து வந்தாள். "மணக்கிற கூடையை மட்டும் எடுத்துக் கொடு" என்றாள் நாத்தனாரிடம். அவள் மோந்து மோந்து எடுத்துத் தர, முதலாளியே இறங்கி வண்டியில் ஏற்றினார். வாளியும் ஏறியது. கூரையில் ஒட்டியிருந்த ஈக்கள் மட்டும் போக மறுத்தன.

"இதை வேலிக்குக் கொண்டு போயிடறேன். வாசத்தோட இதுங்களும் வந்துடும்" என்றாள் ஈக்காரி.

"எந்த வேலிக்கு?" என்றார் பம்புக்காரர். வாசலில் போய் நின்று ஓர் இலையைப் பார்த்தார். "பின்வேலிக்குப் போகாதே. காத்து ரோட்டுப் பக்கத்திலிருந்து வருது. நீ அந்தப் பக்கம் போனாத்தான் வாசம் கொட்டகைக்குள்ள வந்து இதுங்களை இழுக்கும்."

"ரோட்டுப் பக்கமா? கேட்டு வழியா? சோதனைக்கார அம்மா வர்ற வழியாச்சே!" என்றார் முதலாளி.

அவள் கணவரைப் பார்த்தாள். வாசம் தெரியாத மனிதர்தான். காற்று தெரிந்த மனிதர். துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வண்டியை இழுத்தாள்.

வண்டி கேட்டை நோக்கி நகர நகர, கொட்டகை வாசலிலிருந்து ஒன்று, பத்து, பிறகு கூட்டமாக ஈக்கள் பின்னால் வந்தன. தோளில், கழுத்தில், காதோரத்தில் வந்து உட்கார்ந்தன. துணியில் விஷம் இல்லையே. பொறியாக இருந்திருந்தால் செத்திருக்கும். இங்கே அவை நக்கிக்கொண்டே இருந்தன. கூச்சத்தில் உடம்பு சிலிர்த்தது. கையை விட்டால் வண்டி நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

கேட்டில் வெள்ளை வண்டி வந்து நின்றது.

கண்ணாடி இறங்கியது. கம்பெனியின் சோதனைக்கார அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஈ மூடிய அந்தப் பெண்ணை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

பொறிக்கு மருந்து மாற்றப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பாதி உண்மையும்கூட. ஆனால் நாத்தனாரின் மூக்குக்குத் தப்பிய கூடை ஒன்று லாரியில் ஏறி, கம்பெனிக் கொட்டகையில் போய் ஈயைக் கூப்பிட்டால்? அப்புறம் இந்தத் தோட்டத்துப் பக்கம் யார் வருவார்கள்?

"வாசமருந்தைக் கூடையில சிந்திட்டோம் மேடம். அதான் ஈ மொய்க்குது. மணக்கிற கூடையைத் தனியா எடுத்துட்டு வர்றேன். ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கலாம். நீங்களும் மோந்து பாருங்க" என்றாள் ஒரே மூச்சில்.

"பழத்திலிருந்து வரலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அறுத்துப் பாருங்க மேடம்."

அந்த அம்மா இறங்கினார். வண்டியில் மொய்த்த ஈயில் சிலதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். "எல்லாம் ஆண். முட்டை வைக்கிற ஊசி ஒண்ணுக்கும் இல்லை" என்றார். பழத்திலிருந்து பொரித்து வந்திருந்தால் பெண் ஈயும் கலந்துதான் வந்திருக்கும். ஈக்காரி மூச்சு விட்டாள். அதற்குள் அவர், "அதனால பழம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. வழக்கமா அறுக்கறதைவிட இன்னிக்கு அதிகமா அறுப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார்.

மேசையில் வெள்ளைத் தட்டு. கத்தி. ஒவ்வொரு பழமாகப் பிளந்தார். விதைக்கூட்டைக் கத்தி நுனியால் கிளறினார். வைத்தார். அடுத்தது. ஈக்காரி வேலியில் வண்டியை நிறுத்தி, துணியை உதறி எறிந்துவிட்டு ஓடிவந்து கதவோரம் நின்றாள். ஓர் ஈ இன்னும் அவள் காதுமடலில் உட்கார்ந்திருந்தது. பம்புக்காரர் பம்பை முதுகிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கழற்ற மறந்துவிட்டாரா, கழற்றப் பயப்படுகிறாரா என்று தெரியவில்லை.

ஒரு பழத்தில் கத்தி நின்றது.

"இதுல குத்து இருக்கு."

ஊசி குத்தின அளவுக்கு ஒரு கரும்புள்ளி. அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த புள்ளி. பெண் ஈ குத்திய இடம். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்தாள்.

சோதனைக்கார அம்மா புள்ளியைச் சுற்றி மெல்லிய வில்லையாகச் சீவினார். இன்னொரு வில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பழத்தை இரண்டாக, நாலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கினார்.

"குத்தியிருக்கு. பொரிக்கலை" என்றார்.

"அப்படின்னா?" என்றார் முதலாளி.

"புழு இல்லைன்னு அர்த்தம். ஏன் பொரிக்கலைன்னு ஒரு பழத்தை வெச்சு நான் சொல்ல முடியாது."

ஏன் என்று தனக்குத் தெரியும் என ஈக்காரிக்குத் தோன்றியது. கத்தி மறுபடி ஓடியது. கடைசிப் பழம் வரைக்கும் புழு இல்லை. பிறகு அவர் ஒவ்வொரு கூடையையும் மோந்து, தப்பிய ஒன்றைத் தள்ளி வைத்தார். மருந்து பட்ட கூடைப் பழம் ஒன்றுகூட லாரியில் ஏறக் கூடாது, அதை யாரும் தின்னவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். "மீதியை ஏத்துங்க" என்றார்.

லாரி போன பிறகு முதலாளி அறுத்த பழத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் கேட்டது சரிதானே? கூப்பிடத்தானே செஞ்சுது?"

"கூப்பிடும் ஐயா. பழத்துக்கிட்ட வெச்சா பழத்துக்கு வரும், வேலியில வெச்சா வேலிக்கு வரும். எங்க வெக்கறோம்கறதுலதான் எல்லாமே இருக்கு. இனிமே கொட்டகைக்குள்ள வாசமருந்து வராது. வேலிக்கிட்ட ஒரு மூலை கொடுங்க, அங்கேயே ஊற வெச்சுக்கறேன்."

முதலாளி எழுந்தார். பம்புக்காரரின் அருகே போனார். "திரும்புங்க" என்றார். நடுங்கும் விரலுக்கு வசப்படாத கொக்கியை அவரே கழற்றினார். பம்பு முதலாளியின் கைக்கு மாறியது. அதன் கனம் தெரிந்ததும் அவர் முகம் மாறியதை ஈக்காரி பார்த்தாள்.

"வீடு பொறி கட்டறவங்களுக்கு" என்றார், யாரையும் பார்க்காமல்.

பம்புக்காரர் வெறும் தோளைத் தடவிக்கொண்டார். பிறகு, "பட்டையை மட்டும் அறுத்துக் கொடுங்க ஐயா. நல்ல கெட்டிப் பட்டை. பொறி கட்ட ஆகும்" என்றார்.

"இனிமே அண்ணனும் ஈக்காரர்" என்றாள் நாத்தனார். "வாசம் தெரியாத ஒரே ஆள் இவருதான் அண்ணி. உங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட இவரைவிட்டா யாரு இருக்கா?"

ஈக்காரி அப்போதுதான் அழுதாள். சிரித்துக்கொண்டேதான்.

இன்றும் அவர்தான் காற்றுப் பார்த்துப் பொறிக்கு இடம் சொல்கிறார். வாசமருந்து பாட்டிலை மட்டும் தொட விடுவதில்லை.

உங்கள் பக்கத்திலும் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, வாயைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நம்புகிற ஒருவர் இருப்பார். அவர் வீட்டில் ஒருத்தி தூங்காமல் இருப்பாள். படித்து முடித்ததும் இந்தக் கதையை அவர்களில் ஒருவருக்காவது சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.